மாமாவின் கிட்டார் கழுத்தை நான் இழைத்த கதை

அடுத்தவருக்கு எது சௌகரியம் என்பது அவரைவிடத் தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைக்காத ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. விருந்தாளி போதும் என்று சொன்னால் இன்னும் இரண்டு இட்லி என்று அர்த்தம். ஃபேனை மூன்றில் வைத்துத் தூங்குகிறவர் அறைக்குள் நுழைந்து ஐந்தில் வைத்துவிட்டு வருவோம். (அவர் தூக்கத்தில் போர்வையைத் தேடுவது நன்றி தெரிவிப்பதாக எங்களுக்குத் தோன்றும்.) இந்தப் பரம்பரைக் குணம் என்னிடம் வந்து சேர்ந்த நேரம், பக்கத்தில் ஓர் இழைப்புளியும் கிடந்தது. அதுதான் என் விதி. என்னுடையது மட்டுமாக இருந்தால் பரவாயில்லை, அக்காவின் கல்யாணமும் அதில் மாட்டிக்கொண்டது.

அப்போது எனக்கு இருபத்திநான்கு வயது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் அப்பா லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். (இன்றும் வைத்திருக்கிறார். நானும் அங்கேதான் இருக்கிறேன்.) பகலில் பட்டறை வேலை, சாயங்காலம் கிட்டார் என்று வாழ்ந்துகொண்டிருந்தேன். கிட்டார் வாசித்தேன் என்று சொல்வதைவிட, கிட்டாரைப் பற்றி வீடியோ பார்த்தேன் என்று சொல்வதுதான் நியாயம். குறிப்பாக அதன் கழுத்தைப் பற்றி. இடது கை பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிற அந்த நீளமான மரத்தை வாசிக்கிறவர்கள் நெக் என்பார்கள். அது தடிமனாக இருக்க வேண்டுமா, ஒல்லியாக இருக்க வேண்டுமா என்பதில் உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது. ஒல்லி நெக்தான் வேகம், மற்றதெல்லாம் விறகு என்று தலைமுடி நீளமான ஒருவர் ஒரு வீடியோவில் சொன்னார். எனக்கு அது வேதவாக்காகிவிட்டது. அடுத்த வீடியோவில் வழுக்கையான ஒருவர், அப்படியெல்லாம் பொதுவாகச் சொல்ல முடியாது, அவரவர் கையைப் பொறுத்தது என்று ஆரம்பித்தார். வீடியோ ரொம்ப நீளமாக இருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன். அதை முழுதாகப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

என் அக்கா மேகலா பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை சிவராஜ் மாமா. எடப்பாடியில் விசைத்தறி வைத்திருந்த குடும்பம், அவருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனிதர், ஆனால் பேச மாட்டார். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவிலிருந்த மூன்று மாதமும் அக்கா இதே புலம்பலாக இருந்தாள்.

"போன்ல நான் இருவது நிமிஷம் பேசறன்டா. அவுரு நாலு ஆமாங்க, ரெண்டு அப்படிங்களா. அப்பறம் சாப்டீங்களான்னு கேட்டுப்போட்டு வெச்சர்றாரு."

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். "ரிசப்ஷன்ல உங்களுக்காக ஒரு பாட்டு வாசிக்கறேனுங்க." என்ன பாட்டு என்று அக்கா கேட்டதற்கு, "அன்னைக்குக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாராம். அக்கா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் அவர் வாசித்து அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பேசாத மனிதர் தன் மனசிலிருப்பதை அன்றைக்கு வாசித்துச் சொல்லப்போகிறார் என்று நம்பினாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தன் எலெக்ட்ரிக் கிட்டாரை என்னிடம் கொடுத்தார். "தந்தி மட்டும் மாத்தி வெச்சிருங்க மாப்ள. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

இரண்டே வாக்கியம். அதில் இரண்டாவது எனக்குக் காதில் விழவே இல்லை.

அவர் போனதும் உறையைத் திறந்து கிட்டாரை மடியில் வைத்து நெக்கைப் பிடித்தேன். உலக்கை. கை சுற்றிவரவே சிரமப்பட்டது. பாவம் மனுஷன், இதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷமாகக் கஷ்டப்படுகிறாரோ என்று உண்மையிலேயே வருந்தினேன். வாய் திறந்து சொல்லத் தெரியாதவர், யாரிடம் போய்ச் சொல்லுவார்? மைத்துனன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறேன்? அவருக்கே தெரியாமல் சரிசெய்து, மேடையில் கையில் கொடுத்து, அவர் முகம் மலர்வதைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கிட்டார் தெரிந்தவன் என்று அவர் என்னை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்கிற ஆசையும் அதில் பாதி இருந்தது. பாதிக்கு மேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நான்கு ஸ்குரூவைக் கழற்றி நெக்கைத் தனியாக எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அங்கே மரவேலை பார்க்கிற மணிக்கு என் வயதுதான். ஒரு கையில் போன் ஓடிக்கொண்டிருக்க இன்னொரு கையால் லாரிப் பலகையை அளக்கத் தெரிந்தவன். நெக்கை வாங்கித் தடவிப் பார்த்தான்.

"யாரு கைக்குங்க இது?"

"கிட்டாருக்குடா."

"அது சரிங்க. புடிக்கிற கை யாருதுங்க?"

எங்கள் பக்கம் மண்வெட்டிக்குக் காம்பு போடுவதென்றால்கூட, வேலை செய்யப்போகிறவரை ஒருமுறை பிடித்துப் பார்க்கச் சொல்லித்தான் கடைசி இழைப்பு இழைப்பார்கள். மணி அந்த வழக்கத்தில் கேட்டான். எனக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது.

"எல்லாக் கைக்கும் ஒல்லியா இருக்கறதுதான்டா சௌரியம். உலகம் பூரா அப்படித்தான்."

மணி போனைக் கீழே வைத்தான். (சார்ஜ் தீர்ந்தால்தான் அது நடக்கும்.) "எங்க ஊட்டுக் களைக்கொத்துல எங்கம்மா நாளெல்லாம் வேலை செய்யுமுங்க. நான் புடிச்சா பத்து நிமிஷத்துல கை காந்திப்போகுது. அந்தக் கையைக் கொஞ்சம் வரச்சொல்லுங்களேன்."

"மாப்பிள்ளையைப் பட்டறைக்கு வரச்சொல்லி அளவெடுக்கச் சொல்றியா? இந்தா, இந்தக் கைக்கு சீவு" என்று என் இடது கையை நீட்டினேன்.

முதலாளி மகன் கை. மணி இழைப்புளியை எடுத்தான். சீவினான், நான் பிடித்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் என்றேன். சீவினான். இன்னும் ஒரு சுற்று. பிறகு அரம், அதற்குப் பிறகு உப்புத்தாள். ஒரு கட்டத்தில் அவனே நிறுத்தினான். "உள்ள கம்பி வெச்சிருக்கறாங்களாட்ட இருக்குதுங்க. இதுக்கு மேல போனா வெளிய வந்துருமுங்க." சரி, போதும் என்று பெருந்தன்மையாக விட்டேன்.

சீவின மரம் வெள்ளையாகத் தெரிந்தது. பட்டறையின் பெயின்டர் தங்கராசு அண்ணன் கையிலிருந்த ஸ்ப்ரேயாலேயே லாரிக்கு அடிக்கிற பளபளப்பை அதற்கும் அடித்துக் கொடுத்தார். "அஞ்சு மழை தாங்கும் சாமி" என்றார். அடுத்த நாள் எடுக்கப்போனால், நெக்கின் உச்சியில் தந்திகளை முறுக்குகிற பகுதி இருக்கிறதே, அதன் பின்பக்கம் மஞ்சளில் சிவப்பு நிழல் வைத்து, 'ஒலி எழுப்புக' என்று எழுதியிருந்தது.

"என்னண்ணா இது?"

"மொட்டையா இருந்துச்சு சாமி. பார்க்க நல்லா இல்ல."

பின்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, புதுத் தந்தி கட்டி வாசித்துப் பார்த்தேன். கை வழுக்கிக்கொண்டு போனது. வெண்ணெய். இரண்டு நிமிடம் வாசித்துவிட்டு, ஒரு மேதையின் நிதானத்தோடு உறையில் போட்டு மூடினேன். அந்த இரண்டு நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ரிசப்ஷன் மல்லசமுத்திரத்தில் ஒரு மண்டபத்தில், சாயங்காலம். இரண்டு வீட்டுச் சனமும் நாற்காலி போதாமல் நின்றது. மாமா மத்தியானமே கிட்டாரைக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "மேடையிலதான் மாமா" என்றேன். அவர் அதற்கு, "அப்படிங்களா" என்றார்.

மைக்கில் அறிவித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் காதெல்லாம் சிவந்திருந்தது. நான் கிட்டாரைக் கொண்டுபோய் மாமாவின் தோளில் மாட்டினேன். அவர் இடது கை நெக்கைத் தொட்டது. தொட்டதும் நின்றது. ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த அந்தப் பார்வைதான் என்று நினைத்து, பிரமாதமா இருக்குமே என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

முதல் நான்கு சுரம் வந்தது. நான்கும் நான்கு ஊரிலிருந்து வந்தன. சீவிச் சீவிப் பலம் போன மரம், தந்திகள் இழுத்த இழுப்புக்கு இரண்டு நாளில் வில்லாக வளைந்திருந்தது. தந்திகள் மரத்தைவிட்டு உயர்ந்து நின்றன. மாமா முறுக்கிச் சரிசெய்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இப்போது பெயின்ட் தன் வேலையைக் காட்டியது. அஞ்சு மழை தாங்குகிற பெயின்ட் அந்த மேடை விளக்கின் சூட்டைத் தாங்கவில்லை, பிசுபிசுத்தது. உள்ளங்கை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை நகரும்போதும் பிய்த்துக்கொண்டு வரும் சத்தம் மைக்கில் கேட்டது. அரை நிமிடம் போயிருக்கும். அவர் கை மணிக்கட்டோடு இழுத்துக்கொண்டது. விரல்கள் பிடித்துக்கொண்டு விரியவில்லை.

வாசிப்பதை நிறுத்தினார். மைக்குக்குப் பக்கத்தில் வந்தார்.

"கை வரலைங்க. மன்னிச்சுக்கங்க."

கிட்டாரைக் கழற்றி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கேமராக்காரர் நல்ல கலைஞர், எதையும் விடமாட்டார். கழுத்தின் பின்பக்கத்தை அப்படியே பிடித்துப் பெரிய திரையில் போட்டார். மண்டபம் முழுக்க 'ஒலி எழுப்புக' என்று படித்தது. பிறகு சிரித்தது. லாரியோடு பிறந்து வளர்ந்த சனம், யாரோ பின்வரிசையிலிருந்து வாயாலேயே ஹாரன் அடித்தார்கள்.

அந்த நிமிடம் நான் மைக்கை வாங்கி, தப்பு என்மேல்தான் என்று சொல்லியிருக்கலாம். கிட்டாரை உறைக்குள் திணித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். பந்தியில் என் பெரியப்பா, "மாப்பிள்ளைக்குப் பேச்சும் வராது, கையும் வராதாட்ட இருக்குது" என்று பக்கத்து இலைக்குச் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அக்கா கை கழுவுமிடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவுருக்கு வாசிக்கவே தெரியாதோ என்னமோடா. எங்கிட்டச் சும்மா சொல்லிட்டாரோ?"

"சேச்சே" என்றேன். அக்காவின் கல்யாண வாழ்க்கை ஒரு பொய்யோடு தொடங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் எங்கே உற்பத்தியானது என்று தெரிந்தவன், தயிர்சாதம் நன்றாக இருக்கிறது, போய்ச் சாப்பிடு என்று அவளை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கைகோர்வை என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தவனும் எதிரெதிரே உட்கார்ந்து கைகளைக் கோர்த்துக்கொள்ள வேண்டும். வாழ்த்துப் பாட்டு பாடி முடிகிற வரைக்கும் கையை எடுக்கக்கூடாது. பாட்டு லேசில் முடியாது. முந்தின நாள் எந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தூணுக்குத் தூண் ஒளிந்தேனோ, அவர் முன்னால் ஒரு முழம் இடைவெளியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள்.

கை கோர்த்தோம். அவருடைய இடது கட்டைவிரல் என் கைமேல் மடங்கவில்லை. ஒரு குச்சியைப்போல நீட்டிக்கொண்டு நின்றது. நான் குனிந்து பார்த்தேன். நகத்துக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று விரலைச் சுற்றி ஓடியது. ஐந்து நாளாக அவர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், மூன்று மாதமாகப் பழகுகிற அந்த மனிதரின் கையை அப்போதுதான் பார்த்தேன்.

"மாமா, இது..."

"சின்ன வயசுல தறியில மாட்டிக்கிச்சுங்க மாப்ள. மடங்காது."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயை அசைக்காமல் கேட்டேன். "அப்ப அந்த நெக்கு?"

"தடியா இருந்தா உள்ளங்கையிலயே நின்னுக்குமுங்க. கட்டைவிரலு அமுக்க வேண்டியதில்லை. ஒல்லியா இருந்தா எனக்குப் புடிச்சு இழுத்துக்கும். பெங்களூர்ல ஏழு கடை ஏறி இறங்கி, புடிச்சுப் புடிச்சுப் பாத்து வாங்குனது."

என்னிடம் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"என்னைத் திட்டியிருக்கலாமுங்களே மாமா. நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"ஆசையாப் பண்ணியிருக்கறீங்க. அத்தனை பேர் முன்னால எப்புடிங்க சொல்றது?"

நான் அழுதுவிட்டேன். விசும்பலெல்லாம் இல்லை, கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. கையைக் கோர்த்திருந்ததால் துடைக்கவும் வழியில்லை. சுற்றி நின்ற பெண்களுக்கு இது பிடித்துப்போயிற்று. "அக்கா மேல உசுரையே வெச்சிருக்கறான் பாரு" என்று ஒரு அத்தை தன் மகனுக்குச் சுட்டிக்காட்டினாள். கேமராக்காரர் கிட்டத்தில் வந்தார். ஆல்பத்தில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது.

மத்தியானம் இரண்டு வீட்டாரும் மட்டும் உட்கார்ந்த பந்தி. பெரியப்பா விடுவதாக இல்லை. "மாப்பிள்ளைக்கு யாராச்சும் ஊட்டி உடுங்கப்பா, அவருக்குக் கை வராது" என்றார். மாமா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். அக்கா சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். கையில் ரசம் வழிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். உலக்கை, மணி, இழைப்புளி, என் கை, லாரி பெயின்ட், மடங்காத கட்டைவிரல், ஏழு கடை.

முதலில் பேசியது அப்பா. "நம்ம பட்டறையிலயா?" என்றார். பிறகு, "வண்டிக்காரன் அளவு சொல்லாம ஒரு பலகை அறுத்திருக்கறமாடா நாம, இத்தனை வருஷத்துல?" என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை. சாதாரணமாகக் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்களுக்கு வாசிக்க வருமுங்களா?"

"வருமுங்க."

"நெசமாத்தானுங்களா?"

"நெசமாத்தானுங்க."

அக்கா மூச்சு விட்டாள். அப்புறம்தான் என்னிடம் வந்தாள். "மணி உங்கிட்ட என்னன்னு கேட்டான்?"

"புடிக்கிற கை யாருதுன்னு."

அவள் முகம் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். சிரிப்பு மாமாவுக்குத் தொற்றி, இரண்டு வரிசைக்கும் பரவி, கடைசியில் பெரியப்பாவுக்குப் புரையேறியது. யாரும் அவர் தலையில் தட்டவில்லை.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் எதையும் சரிசெய்து கொடுக்க முடிவதில்லை. அம்மா இன்னொரு கரண்டி சோறு போடப்போனால், "கை யாருது?" என்று குரல் வருகிறது. பெரியப்பா என் சித்தப்பா மகனுக்கு எந்தப் படிப்பு நல்லது என்று ஆரம்பித்தபோது, பந்தியே சேர்ந்து கேட்டது. எனக்குப் பெண் பார்த்த காலத்தில் அப்பாவே அதைக் கேட்டு என்னைக் காப்பாற்றினார்.

மாமா இரண்டு மாதம் தேடி, பழையதைப்போலவே தடித்த நெக்கோடு வேறொரு கிட்டார் வாங்கினார். அக்காவுக்கு அந்தப் பாட்டைப் பெங்களூர் வீட்டில் வாசித்துக் காட்டினாராம். அது என்ன பாட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் அக்கா, "உனக்கெதுக்கு" என்கிறாள். அந்தத் தண்டனை எனக்கு நியாயமாகவே படுகிறது.

நான் சீவிய கிட்டாரை மாமா என்னிடமே விட்டுவிட்டார். "உங்க கைக்குத்தான சீவுனது. நீங்களே வாசிங்க மாப்ள" என்றார். உள்ளே கம்பியை முறுக்கி ஓரளவு நிமிர்த்தி, பெயின்டைச் சுரண்டி எடுத்து, பத்து வருடமாக அதைத்தான் வாசிக்கிறேன். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும், வெண்ணெய் என்பேன்.

பொய். முதல் இரண்டு நிமிடம்தான் வெண்ணெய். பத்தாவது நிமிடத்தில் கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கத் தொடங்கும். கால் மணியில் கை மணிக்கட்டோடு காந்தும். இந்தக் கைக்குச் சீவு என்று நான் நீட்டினேனே, அந்தக் கைக்கே அது ஆகவில்லை. வீடியோவில் வந்த தலைமுடிக்காரரின் கைக்கு ஆகியிருக்கலாம். இதை எந்த முகத்தோடு வீட்டில் சொல்வது? பத்து வருடம் தைலம் தேய்த்துக்கொண்டு வாசித்தேன்.

போன மாதம் மாமா ஊருக்கு வந்திருந்தார். தந்தி வாங்க வேண்டும் என்று சேலத்தில் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். சுவர் நிறைய கிட்டார் மாட்டியிருந்தது. மாமா திடீரென்று, "ஒண்ணொண்ணாப் புடிச்சுப் பாருங்க மாப்ள, கண்ணை மூடிட்டு" என்றார்.

"எனக்கெதுக்குங்க மாமா? எங்கிட்டத்தான் வெண்ணெய்யாட்ட ஒண்ணு இருக்குதே."

"ஊட்டுல தைல வாசம் வருதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். வேண்டாம், வேண்டாம் என்று ஆறு ஏழு போயிருக்கும். அப்புறம் ஒன்று வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. விரல் தானாக நடந்தது. ஐந்து நிமிடம் வாசித்தேன், பத்து, இருபது. வலி வருகிறதா என்று காத்துக்கொண்டே வாசித்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்து நெக்கைப் பார்த்தேன். உலக்கை. மாமாவிடமிருந்து வாங்கி நான் சீவித் தள்ளினேனே, அதைவிட ஒரு சுற்று தடிமன்.

மாமா சிரிக்கவே இல்லை. போனை எடுத்து அக்காவுக்குப் போட்டு, நடந்ததை ஒரே மூச்சில் ஆதியோடந்தமாகச் சொன்னார். பேசாத மனிதர் இதற்கென்று சேர்த்துவைத்திருந்தார்போலிருக்கிறது. பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பக்கம் அக்கா சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஏன்டா," என்றாள், "உன்ற கை எப்புடின்னு உனக்கே இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்?"